தேய்ந்த வாஷரின் அளவு

ஐப்பசி 9, செவ்வாய்

தொண்டி மீனவர் ஒருவரின் பழைய படகு மோட்டாருக்குப் பம்பு வாஷர் கிடைக்கவில்லை. கம்பெனியே அதை நிறுத்திப் பல வருடமாகிறது. அவர் அனுப்பிய பழைய வாஷரை அளந்து, அதே மாதிரி தோலில் வெட்டினேன். பெருமையாக இருந்தது. தோல் கொடுத்த ரஹ்மான் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கடையில் ஆள் இருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பு, பழசு தேஞ்சதுதானே? நீயும் தேஞ்ச அளவுக்கே வெட்டியிருக்க. பம்போட உள்ளளவைக் கேளு."

முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறேன். இரும்பில் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். அங்கேயே நின்று மீனவருக்குப் போன் போட்டேன். ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் நடுக்கடலில் அது சூடேறி நின்றிருந்தால்... படகில் அவர் தம்பியும் போகிறானாம்.

பாயே கனமான தோலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். புதிதாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, சாயங்காலமே பஸ்ஸில் போட்டுவிட்டேன்.

மீனவர் திரும்பக் கூப்பிட்டார். "இம்புட்டு கவனமா அளவு கேட்டவுக நீங்க ஒருத்தர்தாண்ணே."

"சரிப்பா" என்றேன். பாய் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் முதல் வேலையாக மீனவரைக் கூப்பிட்டு, அளவு கேட்கச் சொன்னது பாய்தான் என்று சொல்லிவிட வேண்டும்.