வாசலில் திருப்பி அனுப்பிய வட்டலாப்பம்

ராத்தா,

பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளியிலிருந்து இறங்கி வரும் நேரம். மேல் வீட்டு பரீனா இப்போதுதான் ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பின்னல் துணியைத் தூக்கியதும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சேர்ந்த வாசம் வந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலாப்பம். துணியைத் திரும்ப மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு வரவேண்டிய தட்டு அல்லவா இது!

மச்சான் மௌத்தான பிறகு உங்களுக்குத் துணையாகத் தங்கை நான் அலவத்துகொடைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். துணையாவது! அதிகாரம் பண்ண வந்தேன் என்று சொல்லுங்கள். மனையியல் டீச்சராக இருந்து பென்சன் எடுத்தவளுக்கு வீட்டில் ஒரு மாணவி கிடைத்தால் விடுவாளா? கிளினிக்கில் உங்களுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று சொன்ன அன்றே அடுப்படி என் கைக்கு வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், இனிப்பைக் குறையுங்கள், இலைவகையைக் கூட்டுங்கள். டொக்டர் சொன்னது அவ்வளவுதான். நான் அதோடு நிற்கிற ஆளில்லை. கட்டுகஸ்தோட்டைச் சந்தையிலிருந்து வல்லாரை, முருங்கையிலை, பாவக்காய் என்று கட்டுக்கட்டாக வாங்கி வந்தேன்.

"பொலிபீனோல் ராத்தா, பொலிபீனோல்! செடிகொடி தன்னக் காப்பாத்திக்க வச்சிருக்கிற சரக்கு. அந்தக் கசப்பும் துவர்ப்பும் வருஷக்கணக்கா உள்ள போனாத்தான் இதயத்துக்கும் நரம்புக்கும் நல்லம்."

பாவக்காய்ச் சாற்றை முகம் சுளித்துக் குடித்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "ஏலம், கறாம்பு, சாதிக்காய் எல்லாம் எங்க காய்க்கிற? மரத்துலயும் செடியிலயும்தானே? அப்ப வட்டலாப்பத்துலயும் உன்ட பொலிபீனோல் ஈக்கும்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை, சிரித்தால் உங்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

அந்த வருடப் பெருநாளில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். நம் தெருவில் பெருநாள் தட்டு ஒரு வீட்டுக்கு வந்தால், அதில் ஏதாவது வைத்துத்தானே திருப்பிக் கொடுப்போம். நானோ வாசலிலேயே நின்றுகொண்டேன். வந்த ஒவ்வொரு தட்டையும், "ராத்தாவுக்கு ஆகாது, நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லி, மேலே ஒரு கிண்ணம் வல்லாரைச் சம்பலையும் வைத்துத் திருப்பினேன். போதாததற்கு ஆளுக்கொரு பிரசங்கம் வேறு. பரீனா சம்பலையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். உள்ளேயிருந்து நீங்கள் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"யாரு வந்த? உள்ள வரச்செல்லு."

"தட்டு குடுக்க வந்தாங்க. போயிட்டாங்க."

ஒருவரைக்கூட நான் உள்ளே விடவில்லை.

போன வருடப் பெருநாளுக்குள் உங்கள் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நீங்கள் காலையிலேயே புதுச்சேலை உடுத்து, முன்கதவுக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தீர்கள். திரும்பிப் போகும் தட்டுகளில் வைக்கவென்று கோழிக்கூட்டு வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாக அறுத்து வைத்திருந்தீர்கள். தெருவில் தட்டுகள் போயின, வந்தன. நம் வாசலில் ஒன்றும் ஏறவில்லை. பகல் சோற்றுக்கு எழும்பும்போது, "தட்டு வராட்டிப் பரவால்ல. ஆளாவது வந்திருக்கலாம். பரீனாவோட கொஞ்சம் கதைச்சிட்டு இருந்திருப்பேன்" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "சீனி குறைஞ்சிருக்கே, அதப் பாருங்க. இன்னும் எத்தன பெருநாள் ஈக்கி உங்களுக்கு!" ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் தந்தீர்கள்.

பெருமழை தொடங்கிய மாதம் நெஞ்சு நோகிறது என்று சாய்ந்தீர்கள். பிறகு எழும்பவில்லை. யார் மீதும் பிழையில்லை என்று டொக்டர் சொன்னார். மௌத்துக்கு நான் காரணமில்லை, அது எனக்கும் தெரியும். வல்லாரையிலும் பாவக்காயிலும் பிழையில்லை, இன்றும் நான் அவற்றைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் உங்கள் கடைசிப் பெருநாளை நான் பாழாக்கிவிட்டேன், ராத்தா. வரப்போகும் வருடங்களுக்காக உங்களைப் பாதுகாக்கிறேன் என்று, கையிலிருந்த நாளில் உங்களைத் தனியாக உட்கார வைத்துவிட்டேன்.

இன்று பரீனா தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "போன முற அவக்கு ஆச காட்டக் கூடாதுன்டுதான் நாங்க ஒத்தரும் இந்தப் பக்கம் வரல்ல. இப்ப ஊட்டுல சீனிக்காரங்க இல்லதானே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசற்படி இறங்கிப் போனாள்.

ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதனாலேயே அழுகை வந்தது. மிச்சத்தைக் கிண்ணத்தில் மாற்றிவிட்டுத் தட்டைக் கழுவினேன். கோழிக்கூட்டு ஒரு சீப்பு வைத்து நானே மேல் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பரீனா உட்காரச் சொன்னால் உட்காருவேன். உங்களைப் பற்றிக் கதைக்காமல் எழும்ப மாட்டேன்.

முன்கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறேன், ராத்தா. வேறு யாராவது தட்டோடு வந்தால் உள்ளே வந்து இருக்கட்டும்.