மேலே இருக்க வேண்டிய கம்பி

14 ஆகஸ்ட் 1996, புதன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அலுவலகத்தில் எனக்கு மேலே இருக்கும் கிரஹாம், பால்கனித் தளத்தின் வரைபடத்தில், கான்கிரீட்டுக்குள் வரும் கம்பிகளை அடிப்பக்கம் போட்டிருந்தார். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்திருக்கும் தளம் பாரத்தில் கீழே வளையும். மேற்பக்கம்தான் இழுபடும், கம்பியும் அங்கேதான் வேண்டும். கட்டடக்கலைப் பதிவுத் தேர்வுக்கு ஒரு மாதமாக இதைத்தான் படிக்கிறேன். திங்களன்று அவரிடம் சொன்னேன். "புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் குடி" என்று சிரித்தார்.

இன்று பொறியாளர் தொலைபேசியில் அதையே சொன்னார். கிரஹாம் முதலாளியிடம் போய், பிழையைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். தேர்வுக்காக நான் செய்த வேலைகளைப் பதியும் அனுபவக் குறிப்பேட்டில் நான் அதை எழுதியிருந்த வரியையும் வெட்டிவிட்டார். கட்டமைப்புப் பகுதியில் எனக்கு அந்த ஒரு வரிதான். அதில் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

மங்கரே புறநகரில் வேலை முடித்து வந்த அம்மாவிடம் சொன்னேன்.

"நீ அந்தாளுக்கு வடிவா, விளங்கச் சொன்னனியே?"

"ஓம் அம்மா."

"உன்ர சத்தம் பக்கத்தில இருக்கிற எனக்கே கேக்காது. நாளைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லு."

எல்லாருக்கும் முன்னால் பேச எனக்கு வராது. ஆனாலும் கிரஹாம் வெட்டிய வரிக்குக் கீழேயே அதே வரியை மறுபடி எழுதிவிட்டேன். காலையில் குறிப்பேட்டை முதலாளியிடம் நீட்டுவேன். எனக்குப் பேச்சு வராவிட்டால், இரண்டு வரியையும் அவரே வாசிக்கட்டும்.