எழுதாமல் மூடிய புத்தகம்

கீரி,
மன்னார்.
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

அன்புள்ள மகன் பஸ்ரியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மடு மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தானே என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை கேட்கவில்லை, நீ சுகமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போன கிழமை வீடியோவில் பிள்ளையை ஒற்றைக் கையால் தூக்கினாய், இடது கை கீழேயே தொங்கியது. முப்பத்தொரு வருசமாகத் தாதியாக இருக்கிறவளுக்கு அது தெரியாதா? மருமகள் கிருஷிகாவைக் கேட்டேன், முதலில் மழுப்பினாள், பிறகு அழுதுவிட்டாள். நீ தாதியாக இருக்கும் வார்டில் ஒரு நோயாளி உன்னைக் கதவோடு சேர்த்து மோதினானாம், நீ அதை எங்கும் பதியவில்லையாம், கூட வேலை செய்யும் ஆண்கள் நீ சரியான ஆம்பிளை என்று தட்டிக்கொடுத்தார்களாம். அவளைக் கோபிக்காதே. டெலிபோனில் சொன்னால் சிரித்துக் கதையை மாற்றுவாய், அதனால் லண்டனுக்குத் திரும்பும் பூமணி அக்காவின் மகளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

என்னோடு ஆண்கள் வார்டில் வேலை செய்த அனோஜன், உயிலங்குளத்துப் பிள்ளை, போன மாதம் மோட்டார்சைக்கிளில் விழுந்து செத்துப்போனான் என்று உனக்குச் சொன்னேன். அது பொய். அவன் எங்கும் விழவில்லை. ஊரில் அப்படிக் கதை பரவியது, நான் மறுக்காமல் இருந்துவிட்டேன்.

நம் ஊர் அலெக்ஸாண்டர், கடலுக்குப் போகிறவர், கால் முறிந்து வந்து படுத்திருந்தார். தினமும் குடிக்கிற ஆள், குடி நின்ற மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியத் தொடங்கிவிட்டது. அப்படியானவர்களை நாங்கள் மறிப்பதில்லை. கதவைத் திறந்துவிட்டு, சேலைன் தொங்கும் கம்பியை அப்புறப்படுத்தி, நேரே நிற்காமல் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வலையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ கதை கேட்போம். நேரம் எடுக்கும், ஆனால் கடைசியில் ஊசி போட விடுவார்கள். எங்கள் வார்டில் வேலை செய்யும் ஆண்களுக்கு அது கேவலம். ஆம்பிளையள் நிக்கேக்க ஏன் கெஞ்சுறியள் என்பார்கள். அனோஜன் அமைதியான பிள்ளை. தனக்கும் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதற்கு அவனுடைய அலுமாரியில் ஒரு சோடி வளையலைத் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன் தம்பி.

அன்று மத்தியானம் அலெக்ஸாண்டர் கதையில் இறங்கி மெதுவாகக் கட்டிலில் இருந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அந்த ஆண்களில் இரண்டு பேர் ஓடிவந்து, போய்ப் பிடியடா என்று அனோஜனைப் பின்னால் இருந்து தள்ளினார்கள். அவன் நேரே போய்க் கட்டிப் பிடித்தான். அவர் உதறினார். பிள்ளையின் பின் தலை பக்கத்துக் கட்டிலின் இரும்பில் போய் அடித்தது. உடனே எழும்பிச் சிரித்தான். நான் சம்பவப் புத்தகத்தை எடுத்தேன். அதில் எழுதினால் டொக்டர் பார்த்தே ஆகவேண்டும், தலையில் அடி என்றால் ஒரு நாளாவது படுக்க வைத்துக் கவனிப்பார்கள். அவன் கிட்ட வந்து, சிஸ்டர் எழுதாதையுங்கோ, நாளைக்கு இன்னொரு சோடி வளையல் தொங்கும் என்றான். நான் புத்தகத்தை மூடினேன். அவன் இரண்டு பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு பின்னேர மருந்துகளையும் கொடுத்து முடித்து, கடலுக்குக் குறுக்கேயுள்ள தாம்போதியால் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்குப் போனான். விடிய அவனுடைய அம்மா கனகம்மா தேத்தண்ணியோடு போய்த் தட்ட, அவன் எழும்பவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டான். கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள்.

அவனுடைய அந்திரட்டிச் சடங்குக்குப் போனேன். கனகம்மா என் கையைப் பிடித்து, பிள்ளை, அண்டைக்கு அவன் வார்டில இருந்து நல்லாத்தானே வெளிக்கிட்டவன் என்று கேட்டா. ஓம் என்றேன். அவ தந்த சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கிருஷிகா அழுததைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை அந்தப் புத்தகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்து வைத்தேன், நேரே உயிலங்குளம் போய்ச் சொன்னேன். கனகம்மா கத்தவில்லை. அண்டைக்கே எழுதியிருந்தால் என்ர பிள்ளை இருந்திருப்பானோ என்று மட்டும் கேட்டா. இருந்திருக்கலாம் என்றேன். எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. வாசலில் கனநேரம் நின்றுவிட்டு வந்தேன். வார்டில் இப்போது ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. விசாரணை வரும். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இது தேவையா என்று அப்பா ஏசுகிறார். அலெக்ஸாண்டருக்கு ஒன்றும் நினைவில்லை. மிஸ்ஸி, நான் ஆருக்கும் கரைச்சல் குடுத்தனானோ என்று கேட்டபடி தடியூன்றி வீட்டுக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

தம்பி, நாளைக்கே டொக்டரிடம் கையைக் காட்டி எக்ஸ்ரே படம் எடு. நடந்ததை உன் கையாலேயே எழுதிக் கொடு. பயந்தாய் என்றால் பயந்தேன் என்றும் எழுது. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், சிரித்தவர்கள் ஒருவரும் அனோஜனின் பெட்டியைத் தூக்க வரவில்லை. கிருஷிகாவின் வாசலில் வந்து நின்று, நான் அன்றைக்கே எழுதியிருக்கலாம் என்று சொல்லும் நிலை எந்தத் தாதிக்கும் வரக்கூடாது.

மாதா உன்னையும் கிருஷிகாவையும் குஞ்சையும் காப்பாற்றுவா. குளிருக்குத் தோளை மூடிப் படு. வீடியோவில் வரும்போது முதலில் இடது கையைத் தூக்கிக் காட்டு, மற்றக் கதை பிறகு.

உன் கையைப் பார்த்திருக்கும்,
அம்மா அன்ரோனெற்