தலைச்சன் வேடம்

இதனால் செகந்திராபாத் தமிழ்ச் சபையார் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது: நம் விடுமுறை வேதப் பள்ளியின் தவளை முகமூடி இன்று காலை தன் இடது கண்ணை இழந்தது. பிங்பாங் பந்தாலான அக்கண் அலமாரியிலிருந்து உருண்டுவந்து என் செருப்பில் முட்டி நின்றது.

இதற்குச் சிரிக்க நீதான் உண்டு, ரே; 'டா'வுக்கு நம் ஊரில் 'ரே'தானே. வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள். முகமூடிக்குள் பசையும் என் வியர்வையும் கலந்த நாற்றம் இன்னும் போகவில்லை. முகர்ந்ததும் போன வருடத்து மே மாதம் மூக்கில் ஏறிவிட்டது.

பத்து வாதைகள் நாடகம்: பார்வோனின் பிடிவாதத்துக்கு ஆண்டவர் எகிப்தின் மேல் அனுப்பிய பத்துத் தண்டனைகள், பத்தாவது தலைச்சன்களின் சாவு. நைல் நதி இரத்தமாக மாற, பிளாஸ்டிக் தொட்டியில் நான் ரோஸ் சிரப் ஊற்றினேன். நதியில் எறும்பு மொய்த்தது. "பேன் வாதைக்கு உன் தலை ஒண்ணு போதும்" என்றாய். "பத்துல கொசுவ காணோமே. ஆண்டவர் நம்ம மாரெட்பள்ளி பக்கம் வரலயா?" என்றும் கேட்டாய். டீச்சரே சிரித்துவிட்டார்.

அதே டீச்சரிடம்தான் நீ கேட்டாய்: "பிடிவாதம் புடிச்சது பார்வோன். புள்ள ஏன் மிஸ் சாகணும்?" அவர் வசனத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னார். பார்வோனின் மகனுக்கோ நாடகத்தில் பெயரும் கிடையாது, வசனமும் கிடையாது. வெள்ளைத் துணிக்குள் செத்துக் கிடப்பது மட்டும்தான் வேலை.

அந்த வேடத்துக்கு நம் சபை அம்மாக்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வேதத்தில் சாவது தலைச்சன் என்பதால், நிஜத் தலைச்சன் யாரையும் அதில் படுக்க விடமாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது பையன்தான் சாக வேண்டும். அண்ணன் ஒருவன் இருந்த பாவத்துக்கு அது எனக்கு வந்தது. உனக்குத் தவளை. நீ உங்கள் வீட்டுத் தலைச்சன்.

நாடகத்தன்று திரைக்குப் பின்னால் மாறிக்கொண்டோம். முகமூடிக்குள் நான் முன்வரிசைப் பெரியவர்களின் மடிமடியாகத் தாவினேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் துணி விலகி நீ எழுந்தாய். உன் அம்மா மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"யாருடா இவன படுக்க வச்சது?"

"நான்தான் மம்மி கேட்டேன். நக்கோ, வேணாம், அழாதீங்க."

உன் தலையில் கைவைத்து ஆன்ட்டி சத்தமாக ஜெபம் பண்ணினார். நான் முகமூடியைக் கழற்றவேயில்லை.

ஆகஸ்டில் உனக்கு டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. சபை அண்ணன்கள் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டாய். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டி சொன்னார்: "எந்திரிப்பா, நாடகம் முடிஞ்சிருச்சு."

கொசு கடித்தது, கிருமி ஏறியது. அறிவியல் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்தான். மேடையில் படுத்தால் காய்ச்சல் வராது என்று தெரியும். ஆனாலும் உங்கள் தெருவுக்குள் என் சைக்கிள் போக மறுக்கிறது. ஆன்ட்டி கோயிலில் என்னைப் பார்த்தால் "நல்லா சாப்பிடறியாப்பா?" என்கிறார். திட்டினால் தேவலை.

இந்த வருடமும் அதே நாடகம். "ஒன்பதோட நிறுத்திக்கலாம்" என்றார் டீச்சர். சின்னப் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அண்ணா, போன வருஷம் ஆள் மாத்தினீங்களாமே?" என்றார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "என் வாழ்நாள் சாதனைடா அது. செத்தவன் வேஷம் ஜாலியா இருக்கும்னு அவன் கெஞ்சினான். போனாப் போவுதுன்னு விட்டுக்கொடுத்தேன்" என்றேன். "ஹவ்? நிஜமாவா?" என்று வாய் பிளந்தார்கள்.

நீ கெஞ்சவில்லை. ஒத்திகையில் அந்தத் துணிக்குள் ஒரு நிமிடம் கிடந்ததற்கே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கால்சட்டைகூடக் கொஞ்சம் நனைந்தது. நீ மட்டும்தான் பார்த்தாய். நாடகத்தன்று நீயே "தள்ளு ரே, நான் படுத்துக்கறேன்" என்றாய். நான் தள்ளிக்கொண்டேன். ஆன்ட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.