கிழியாத சட்டைக்கு ஒட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதே, அது உலைபோலக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறார், ஏறியதும் எதற்கு ஏறினோம் என்பதை மறந்துவிட்டு இறங்குகிறார். கடையில் பழைய தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. இதெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் போனில் நான் கத்துவேன், நீ "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மாமாவைப் பற்றித்தான். என் கூடப்பிறந்த தம்பி, இத்தனை வருஷமாகப் பேரொளி அடிகள் என்று பட்டு அங்கியும் மார்பு வரை தாடியுமாக உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அருள்வாக்குச் சொன்னவன். அந்த அங்கியெல்லாம் தைத்தது நான்தான், உனக்கே தெரியும். இப்போது கூட்டம் குறைந்துவிட்டதாம், இளவட்டங்கள் எட்டிப்பார்ப்பதே இல்லையாம், அதனால் ஒரு விளம்பரக் கம்பெனியைக் கூட்டிவந்து ஆளையே மாற்றிவிட்டார்கள். தாடியை ஒட்ட வெட்டியாயிற்று, நாற்காலி போய்ப் பாய் வந்தாயிற்று, பேரும் போயிற்று. இனிமேல் அடிகள் கிடையாதாம், வெறும் எளியவனாம். சின்ன வயசில் எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று வீட்டில் அவனை உம்மணாமூஞ்சி என்றுதான் கூப்பிடுவோம், அந்த உம்மணாமூஞ்சிக்கு இப்போது கேமரா முன்னால் சிரிக்கச் சொல்லித்தரத் தனியாக ஓர் ஆள்! அதுவரைக்கும் எனக்கும் சிரிப்புதான் வந்தது, என்னமோ பண்ணித் தொலையட்டும் என்றுதான் இருந்தேன்.

போன மாதம் அவனுடைய உதவியாளர் கடைக்கு வந்து ஒரு காடாத்துணிச் சட்டையைக் கொடுத்தார். புத்தம்புதுசு, கையில் மட்டும் பெரிய கிழிசல். "ஒட்டுப் போட்டுக் குடுங்கம்மா, கூட்டத்துக்குப் போடணும்" என்றார். ஐயோ பாவம், புதுச் சட்டையை எதிலோ மாட்டிக் கிழித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்து, மடிப்புக்குள்ளிருந்து இழை உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இழை இழையாகக் கோத்து, கிழிந்த இடமே தெரியாமல் சரிசெய்து அனுப்பினேன். மறுநாள் அந்த மனுஷர் தலைதெறிக்க ஓடிவருகிறார், "என்னம்மா இது, ஒட்டே தெரியலையே, எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே" என்று. தைத்தது நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சண்டைக்கு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சட்டை கிழியவே இல்லையாம், கத்தரியால் வெட்டினதே அவர்கள்தானாம். எளியவன் என்றால் சட்டையில் ஒட்டு இருக்க வேண்டுமாம், அதுவும் கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி வேறு கலரில். வந்த ஆத்திரத்துக்குச் சட்டையை அவர் மூஞ்சியிலேயே வீசியிருப்பேன், தம்பியாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பழுப்புத் துணியில் சதுரமாக வெட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு நானும் அப்பாவும் போனோம். மேடையில் அவன் அந்த ஒட்டைத் தடவிக் காட்டி, "நான் யாருமில்லாதவன், பெத்தவங்க முகம் தெரியாது, கூடப்பிறந்தவங்க கிடையாது, இந்தக் கிழிசலைக்கூட நானேதான் ஊசி பிடிச்சுத் தச்சேன்" என்கிறான்! எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் தெரியுமா! எங்கள் அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு நாலு வயசு, அவனை மடியில் போட்டுக்கொண்டே மெஷின் மிதித்தவள் நான். கால்சட்டை கிழிந்தால் பள்ளிக்கூடத்தில் எவனும் அவனைக் கேலி பண்ணக்கூடாது என்று உள்பக்கமாகவே துணி கொடுத்து வெளியே தெரியாமல் தைத்துத் தைத்துத்தான் இந்தக் கை அப்படிப் பழகியது. கூட்டம் முடிந்ததும் நேரே மேடைக்குப் போய், "டேய், ஊசியில நூல் கோக்கத் தெரியுமாடா உனக்கு" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே கேட்டேன். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கற்றுக்கொண்ட அந்தச் சிரிப்பைச் சிரித்து, "அம்மா, மனச அமைதியா வெச்சுக்கங்க" என்றான், வரிசையில் வருகிற எல்லாப் பெண்களிடமும் சொல்வதைப் போலவே. அக்கா என்று வாய்தவறிக்கூட வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலில் மாட்டியிருந்த அவன் படத்தைக் கழற்றிப் பீரோவுக்கு மேலே கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

அவன் கதை போகட்டும், இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ இருக்கிற ஊரில் அவன் புதிதாகத் திறக்கிற கிளையைப் பார்த்துக்கொள்ள அவன் ஆட்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவன் உன் மாமா என்று மட்டும் வெளியே சொல்லக்கூடாதாம், நீயும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாய். "ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லாட்டி என்ன குறைஞ்சிடும்" என்று என்னையே கேட்கிறாயே, ஏன்டி, உனக்கு நாக்கு கூசவில்லையா? ஆமாம், ஒரு வார்த்தைதான். அவனை வளர்த்து ஆளாக்கினதற்கு எனக்கென்று மிஞ்சியதும் அக்கா என்கிற அந்த ஒரு வார்த்தைதான். அவன் உனக்கு மாமா இல்லையென்றால் நான் அவனுக்கு யார்? இன்றைக்கு மாமாவை மறைப்பாய், நாளைக்கு நான் அங்கே வந்து நின்றால் இவர் துணி தைக்கிற அம்மா என்று சொல்வாயா? இப்போதைய வேலையில் உன்னைப் பிழிந்தெடுக்கிறார்கள், உன் மேனேஜர் ஒரு சிடுமூஞ்சி, எல்லாம் எனக்குத் தெரியும். வேறு வேலை தேடு, கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, உன் கட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. அந்த வாசலை மட்டும் மிதிக்காதே.

அவன் ஆட்கள் இன்னும் ஒரு மூட்டைச் சட்டை கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், எல்லாம் புதுசு, எல்லாவற்றிலும் கத்தரி வெட்டு. அப்பா அப்படியே திருப்பி அனுப்பிவிடு என்றார், நான் மாட்டேன் என்றுவிட்டேன். அத்தனையையும் உட்கார்ந்து தைத்துவிட்டேன், ஒன்றில்கூடத் தையல் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்குப் போய்ச் சேரும். அவன்தான் ஊசி பிடிக்கத் தெரிந்தவனாயிற்றே, வேண்டுமென்றால் அவனே வெட்டி அவனே ஒட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

நீ விட்டுவிட்டுப் போன நீல ஜாக்கெட்டின் முழங்கையையும் சரிசெய்து இதோடு பார்சலில் அனுப்புகிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்த தலையோடு நீ நன்றாக வாழ வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஜாக்கெட் எந்த இடத்தில் கிழிந்திருந்தது என்று உன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. அதை யாருக்கும் சொல்ல வேண்டாம். தைத்தது யார் என்று கேட்டால் மட்டும் வாய் நிறையச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அந்த உம்மணாமூஞ்சியின் அக்கா