என் கையால் குடைந்த கிதார்

மார்ச் 4, திங்கள்

தோள்பட்டை டாக்டர் இன்றும் அதையேதான் சொன்னார். பஸ் ஓட்டலாம், ஆனால் மேட்டு வளைவுகளில் ஸ்டீயரிங்கை ஒரே கையால் இழுக்கக் கூடாது. தோளில் கனமாக எதையும் மாட்டக் கூடாது. கிதார் கூடவா என்று கேட்டேன். "கனமா?" என்றார். கனம்தான். "வித்துடுங்க" என்றார், ஏதோ பழைய செருப்பைச் சொல்வது போல.

வாசிப்பதை விடப் போவதில்லை. லேசான ஒன்றை வாங்கிக்கொள்வேன். இந்த ஒற்றை அறையில் இரண்டுக்கு இடமில்லை, அதனால் இது போகத்தான் வேண்டும்.

மார்ச் 6, புதன்

ஷிப்ட் முடிந்ததும் கிதாரை ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரன் உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"நல்ல உடம்பும்மா இது. யாரு இப்படிக் குதறி வச்சது? நடுவுல பள்ளம் தோண்டி ட்ரெமோலோ பிரிட்ஜைத் திணிச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரரா?"

"எனக்கு வீட்டுக்காரர் இல்ல. நான்தான் செஞ்சேன்."

"நீங்களா."

சிரித்திருந்தால்கூடத் தேவலை. பரிதாபப்பட்டான். விறகு விலை சொன்னான். உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குதறலாம். கம்பிகளைத் தாங்கும் கம்பெனி பிரிட்ஜ் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நிற்கும். எனக்குக் கம்பிகள் தொய்ந்து அழ வேண்டியிருந்தது. அதற்காக மொட்டை மாடியில் உட்கார்ந்து உளியால் குடைந்தேன், பின்பக்கம் ஸ்பிரிங் வைத்தேன். பிரிட்ஜில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் சுரம் சரிந்து இறங்கும், விட்டால் இருந்த இடத்துக்கே திரும்பி வரும். இன்றைக்கும் வருகிறது. அவன் ஒரு தடவை அழுத்திப் பார்த்தானா? இல்லை.

மார்ச் 7, வியாழன்

அக்கம்பக்கத்துப் பழைய பொருள் ஆப்பில் போட்டுவிட்டேன். எங்கே குடைந்தது, எதைக் கழற்றியது, எல்லாம் எழுதினேன். முதல் செய்தி: "விவரம் தெரிஞ்ச ஆம்பளை யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க."

மார்ச் 10, ஞாயிறு

பியோன் என்று ஒருவர் வந்தார். எங்கள் பூசான் நகரத்துப் பழைய பேண்டுகளின் சாமான்களைச் சேர்ப்பவராம். கிதாரைப் பார்த்ததும் வெளிறிப் போனார்.

"இது உப்புக்காற்று பேண்டோட கிதார் இல்ல? மா கி-சோப் வாசிச்சது. கேசட் அட்டையில அவர் கையில இருக்கே. கொம்புல இந்த அடிபட்ட தடம்கூட அப்படியே இருக்கு."

"அட்டையில அவர் கையில இருக்கு. பாட்டுல என் கையில இருந்துச்சு."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஓ. நீங்க பின்னால ஜல்ஜல்னு குலுக்குற தம்பூரின் வச்சுக்கிட்டு நின்னவங்க."

ஆமாம். பின்னால். தம்பூரின்.

தன் கிதார்தான் என்று கி-சோப் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் கேட்டதைப் போல் பல மடங்கு தருகிறாராம். என்னிடம் வாங்குவதற்கு அவரிடம் சான்று.

மார்ச் 11, திங்கள்

நாள் முழுக்க அந்தத் தம்பூரின் மண்டையில் குலுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டு ஓட்டி, ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினேன்.

கேசட் அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவன் அன்றைக்குச் சொன்னது இது: "பொம்பளை கிதாரோட நின்னா இரவல் வாங்கின மாதிரி இருக்கு." கி-சோப் அண்ணன் உடனே என் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். படத்துக்குத்தானே என்றார். அவர் பாடகர். கம்பியில் நாலு கார்டு பிடிக்கத் தெரியும், அதுவும் மெதுவாக வேண்டும்.

போன வருஷம் ஒரு டிவி தொடரில் எங்கள் பாட்டு வந்தது. அதிலிருந்து அவர் போகாத நிகழ்ச்சி இல்லை. பாட்டு நடுவே கிதார் கடற்பறவை போலக் கூவுகிற அந்தச் சத்தத்தை எப்படி உண்டாக்கினீர்கள் என்று எவனாவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "அது வலியிலேர்ந்து வந்துச்சு" என்கிறார். வலியிலிருந்து வரவில்லை. உளியிலிருந்து வந்தது. என் உளி.

மார்ச் 12, செவ்வாய்

அவரே போன் செய்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"ஹே-ரன், எப்படி இருக்கே? இன்னும் பஸ்தானா?"

"இன்னும் பஸ்தான், அண்ணே."

"பியோன் நல்ல மனுசன். கிதார் என்னுதுன்னு சொல்லிட்டேன். நீயும் ஆமான்னு சொல்லிடு. உனக்கும் நாலு காசு வரும், எனக்கும் தொல்லை இல்ல."

"அதுல ஒரு கம்பியாவது நீங்க மாத்தினது உண்டா?"

"எதுக்கு இப்ப கிளறுறே? ஜனங்களுக்குப் பாட்டு தெரியும், என் மூஞ்சி தெரியும். யாரு விரல்னு எவன் கேக்குறான்?"

"நான் கேக்குறேன்."

"நீ கேட்டு என்ன ஆவப்போவுது" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே புரியாத குரல். அதைத்தான் என்னால தாங்க முடியல.

மார்ச் 13, புதன்

தூங்கல.

மார்ச் 15, வெள்ளி

விளம்பரத்தில் மூன்று வரி சேர்த்தேன். உப்புக்காற்றின் கேசட்டில் இந்தக் கிதாரை வாசித்தது நான், குடைந்தது நான், அட்டையில் இருப்பவர் படத்துக்குப் பிடித்திருந்தார். சாயங்காலத்துக்குள் அதை எங்கெங்கோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். புகழுக்கு அலையும் பஸ் கிழவி என்று ஒருத்தன். தம்பூரின் படம் வரைந்து அனுப்பிய ஒருத்தி. டிப்போ மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, கம்பெனி பேர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் எங்கே கம்பெனி பேரைச் சொன்னேன்? என் பேரைத்தானே சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

பில்-குவைப் போய்ப் பார்த்தேன். எங்கள் டிரம்ஸ்காரன். என்னைவிடச் சின்னவன், அக்கா அக்கா என்று சுற்றி வந்தவன். பாட்டுப் பதியும்போது கை நீட்டினால் என்னைத் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவன். விளம்பரத்துக்கு அடியில் நீ ஒரு வார்த்தை எழுதுடா என்றேன்.

கோழிக்கடையில் உட்கார்ந்து வறுவல் கோழியைக் கிளறிக்கொண்டே இருந்தான். "அக்கா, இப்ப கி-சோப் அண்ணன் கச்சேரிக்கெல்லாம் நான்தான் வாசிக்கிறேன். உனக்குத் தெரியும்ல."

"தெரியும்."

"எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்டா."

என் கிண்ணத்தில் ஊறவைத்த முள்ளங்கி எடுத்து வைத்தான். அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். கி-சோப் பொய் சொல்வார், அவர் சுபாவம் அது. இவன் ஏன்? இவனுக்கு நான் என்ன செஞ்சேன்?

மார்ச் 20, புதன்

பியோன் மறுபடி வந்தார். விளம்பரத்தைப் படித்தாராம், வாசித்துக் காட்ட முடியுமா என்றார். காட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கை அரித்தது.

தோளில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டின் நடுப்பகுதியை முழுக்க வாசித்தேன். கைப்பிடியை இழுத்துவிட்டதும் பறவை கூவியது. பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டவில்லை, வழக்கமாகத் தட்டுவாள். முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. சரி, இவராவது நம்பினார் என்று நினைத்தேன்.

"அச்சு அசலா அவரோட வாசிப்பை அப்படியே பிடிச்சு வச்சிருக்கீங்களே" என்றார்.

கதவைத் திறந்து பிடித்தேன். செருப்பைக் காலில் மாட்டக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அழுதுகொண்டே இதை எழுதுகிறேன். துக்கத்தில் இல்லை. எதையாவது உடைக்கணும்போல இருக்கு.

மார்ச் 24, ஞாயிறு

கிதார் விற்றுப்போய்விட்டது.

யோம் என்கிற பல் டாக்டர், என் வயசுதான் இருக்கும். உப்புக்காற்றா, கேள்விப்பட்டதில்லையே என்றார். பாட்டைச் சொன்னேன், அதுவும் தெரியாது. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, பின்பக்க மூடியைத் திறந்து, வாய்க்குள் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது உளியில செஞ்சது. மெஷின் இல்ல. யாரு?"

"நான்."

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் ஆழம் கூட?"

"கைப்பிடியை மேல தூக்கவும் இடம் வேணும்னு."

"அப்போ சுரம் ஏறவும் செய்யுமா?"

"ஏறும்."

"எத்தனை தடவை கெட்டுப்போச்சு?"

"முதல் தடவை பிளந்துடுச்சு. பசை போட்டு ஒட்டி, மறுபடி செஞ்சேன். அந்தக் கோடு அதுதான்."

தலையாட்டிக்கொண்டார். "நான் நாள் பூரா பல்லைக் குடையறவன். ஒட்டினதுக்கு அப்புறமும் தைரியமா அதே இடத்துல குடைஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு வாசித்துப் பார்த்தார். மோசமான வாசிப்பு. சந்தோஷமான முகம். போட்டிருந்த விலைக்கே கொடுத்தேன்.

ராத்திரிச் சோறு நன்றாக இறங்கியது.

மார்ச் 27, புதன்

பியோன் போனில். யாருடையதாக இருந்தாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். வித்தாச்சு என்றேன். "அடடா, யார் கிதார்னு தெரியாமலே வாங்கிட்டுப் போயிருப்பானே அந்த ஆளு" என்றார்.

"அவருக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

லேசான கிதார் வந்தாயிற்று. தோள் தாங்குகிறது.

மத்தியானம் ஓய்வறையில் சக டிரைவர் ஒருத்தி போனை நீட்டினாள். என் பழைய விளம்பரத்தின் அடியில் பில்-கு தன் முழுப் பேரோடு எழுதியிருக்கிறான்: "இவங்க சொல்றது உண்மை. நான் பக்கத்துல டிரம்ஸ் வாசிச்சேன். கிதார் இவங்களோடது, வாசிச்சதும் இவங்கதான்."

பெண்கள் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். விற்று முடிந்த பிறகு. இத்தனை வருஷம் கழித்து. இப்போதா? சந்தோஷமாகத்தான் இருந்தது, சந்தோஷப்படுவதே எரிச்சலாகவும் இருந்தது.

ஷிப்ட் முடிந்து அவனுக்குப் போன் செய்தேன். "அண்ணன் இனிமே என்னைக் கூப்பிட மாட்டாரு அக்கா" என்றான்.

"கூப்பிட மாட்டார்."

"மன்னிச்சுட்டியா?"

இல்லை என்றேன். அதுதான் உண்மை. வெள்ளிக்கிழமை மாலை எனக்கு ஷிப்ட் இல்லை, ஒத்திகைக்கு மாடியில் ஒரு அறை பேசி வைத்திருக்கிறேன், வா என்றேன். என் தோளால் எதையும் தூக்க முடியாது, டிரம்ஸை அவனேதான் மாடிக்குச் சுமந்துகொண்டு வர வேண்டும்.