தலைக்கும் சுவருக்கும் இடையே

ஜூன் 8, ஞாயிறு

காலை 5.50. தலை எண்ணிக்கை 23. பெண்கள் 17, ஆண்கள் 6. நேராக நிற்பவர் பூஜ்யம். காற்று அசையவில்லை. சட்டை அதற்குள் முதுகில் ஒட்டியாயிற்று.

இடம்: கிளிஞ்சல்மேட்டுச் சாலையில் ஜோசபின் அக்காவின் அப்பா காலத்துக் கிடங்கு. முன்பு படகு இன்ஜின் உதிரிகள் வைத்திருந்தது. இப்போது வாசலில் பேனர்: ‘நிமிர்வோம்: உடல், உள்ளம், உறவு.’ எங்கள் வீடு இருக்கும் கோவில்பத்திலிருந்து அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்குவது என் வேலை. வெள்ளி மட்டும் விடுமுறை.

ஜோ. அக்கா: ஐம்பதுக்குள். பிரான்ஸ் குடியுரிமை. அங்கே முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாராம். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எட்டு வாரப் படிப்பு. எட்டு வாரத்தில் நான் பிளான்ட் வேலையில் ஒரு பிரஷர் கேஜை, அழுத்தமானியை, பிரிக்கக்கூடக் கற்கவில்லை.

எண்ணுவது பிரெஞ்சில். "அன், தே, த்ருவா... மூச்ச உள்ள இழுங்க, மரியே! வெளிய விடுங்க, சிவ சிவா!" நூர்ஜஹானம்மா தனக்குள் பிஸ்மி சொல்லிக்கொள்கிறார். வைத்தி சார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ஒவ்வொரு மூச்சுக்கும் "போலாம் ரைட்!" எல்லோரும் சிரிக்கிறார்கள். தினமும் அதே ஜோக்காம். தினமும் அதே சிரிப்பாம்.

முடிந்ததும் சுண்டல், டீ. நேற்றுப் பக்ரீத், அதனால் இன்று நூர்ஜஹானம்மா வீட்டுப் பிரியாணி. காலை ஆறே முக்காலுக்கு. எரித்தது ஐம்பது கலோரி, ஏற்றியது ஐந்நூறு. இதற்குப் பெயர் உறவு.

அக்காவிடம் கேட்டேன்: "இதுல முதுகு நிமிருதுன்னு எப்படித் தெரியும்?"

"மொகத்துல தெரியும் தம்பி."

"நான் அளக்கட்டுமா?"

"அளந்துக்கயேன். எனக்கென்ன பயம்? மொதல்ல ஒன் கழுத்த அள. ஆம மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு நிக்குது."

வைத்தி சார் மறுபடியும் சிரித்தார்.

அளந்தேன். முறை: குதிகாலும் பின்பக்கமும் சுவரில் ஒட்ட, முகவாய் மட்டமாக. பின்மண்டைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, ஸ்டீல் ஸ்கேலில். கூடவே அவரவர் உயரம். வடக்குச் சுவர். 23 பேர், 40 நிமிடம். நேராக நிற்பவனுக்கு ஒன்றோ இரண்டோ வரலாம். அம்மா: 9.2 செ.மீ. என்னை நான் அளக்கவில்லை. நான் இதில் ஆள் இல்லை.

ஜூன் 9, திங்கள்

பிளான்ட்டில் எட்டு கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று காலிப்ரேஷன். இரண்டு கழிவு. மனிதர்களைவிடக் கேஜ் மேல். கெட்டுப்போனால் ஒத்துக்கொள்ளும்.

எதற்காக இந்தத் தலைவலி என்று எழுதி வைக்கிறேன். பிறகு நானே மறந்துபோய்ச் சிரிக்கக் கூடாது.

அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் ஜாக்கெட் தையல். முதுகு மிஷின் மேலேயே வளைந்துவிட்டது. இரண்டு வருடமாக வலது தோள் இறுக்கம். கை காதுவரை ஏறாது. எலும்பு டாக்டர் சொன்னது ஒரே வரி: "முதுகு நிமிந்தாத்தாம்மா தோள் தூக்கும்."

என் கூடப்பிறந்த அக்கா கவிதாவுக்கு எட்டு வருடம் குழந்தை இல்லை. மாங்கனித் திருவிழாவில் சாமி வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அவள் முந்தானையில் ஒன்று விழுந்தது. மறு வருடம் பையன். அதற்கு முன்னும் பின்னுமாகப் பதினான்கு மாதம் அவளைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனது நான். ஊசி போட்டது டாக்டர். பெயர் வாங்கியது மாம்பழம். சரி.

குழந்தை பிறந்தால் ஐம்பத்தொரு பழம் தன் கையால் இறைப்பதாக அம்மாவின் வேண்டுதல். போன வருடம் பெரியம்மா வீட்டு மாடியில் கூடையோடு நின்றாள். முதல் பழம் கைப்பிடிச் சுவரைக்கூடத் தாண்டாமல் மாடியிலேயே விழுந்து நசுங்கியது. மீதி ஐம்பதையும் நான் இறைத்தேன். கீழே நல்ல கூட்டம், நன்றாகப் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது: "அது சேராதுடா. நீ எறிஞ்சது ஒன் கணக்கு."

இந்த வருடம் தன் கையால். அதற்குத்தான் மரியேவும் சிவ சிவாவும்.

ஜூன் 17, செவ்வாய்

மழை மாதிரி வந்து போய்விட்டது. வண்டி பிரேக் ஷூ மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் அம்மா என்னையும் சேர்த்துவிட்டாள். காலை 4.30க்கு ரோஜாப்பூ படம், ‘நிமிர்ந்த முதுகு, நிறைந்த மனசு.’ கீழே பதினேழு கைகூப்பல்கள். மியூட்.

என் யூனிஃபார்ம் சட்டைகள் மொட்டைமாடியில் மேல் கொடியில் காய்கின்றன. எப்போதும் கீழ்க் கொடிதான். அப்பா போட்டிருப்பார். கிளிப் போடாமல் போட்டிருக்கிறார். ஒன்று பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் சாலையில் காத்திருந்தபோது காதில் விழுந்தது. நூர்ஜஹானம்மா: "முட்டி வலி கொறஞ்சிருக்குதான். ஆனா அது இந்தப் பயிற்சியா, மவன் போன் பண்ணுறானே அதுவான்னு தெரியல." ஜோ. அக்கா: "ரெண்டும் பயிற்சிதாம்மா." இரண்டு வேறு காரணங்களை ஒன்றாகக் கலக்கிவிட்டு ஞானம் பேசுகிறார்கள். டிப்ளமோ முதல் செமஸ்டரில் இதற்கு முட்டை மார்க்.

அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொள்வது வலது கையால். இறுக்கமாகப் பிடிக்கிறாள், எரிச்சல்.

ஜூன் 29, ஞாயிறு

மூன்று வாரம் முடிந்தது. மறு அளவு. வந்தவர்கள் 22.

வடக்குச் சுவரில் நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஈரம். தெற்குச் சுவரில் நிற்க வைத்தேன். அதே ஸ்கேல், அதே முறை.

முடிவு: 22 பேரில் 21 பேருக்கு இடைவெளி கூடியிருக்கிறது. ஒன்று முதல் மூன்றரை செ.மீ. வரை. அம்மா: 9.2 இப்போது 10.6.

டீ நேரத்தில் அட்டவணையை வாசித்தேன். பெயர், பழையது, புதியது, வித்தியாசம். யாரும் சுண்டலை மெல்லவில்லை. கடைசியில் சொன்னேன்: "மூணு வாரத்துல எல்லாரும் இன்னும் கூனியிருக்கீங்க. இது பயிற்சி இல்ல, பஜனை."

வைத்தி சார்: "அப்ப வண்டி ரிவர்ஸ்லயா போவுது?" யாரும் சிரிக்கவில்லை. முதல் தடவை.

ஜோ. அக்கா அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "எனக்கு இந்த நம்பர்லாம் தெரியாது தம்பி. ஆனா ஒங்கம்மா நல்லா நிமிந்திருக்காங்க."

"மொகத்துல தெரியுதாக்கா?"

அக்கா அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வரும்போது தோளைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

திருப்தி. உண்மையைச் சொன்னால் உறவு தாங்காது என்பதும் ஒரு ரீடிங்தான்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா நேற்றும் இன்றும் வகுப்புக்கு வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துவிட்டு வாசலில் நின்றேன். மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சும்மா."

"நீதானப்பா சொன்ன, இன்னும் கூனிப்போச்சுன்னு. படிச்சவன் சொல்லிட்ட. எனக்கெதுக்கு இனிமே அந்த வேல?"

"வேற நல்ல பிசியோகிட்டப் போவோம்."

"இந்த வருசமும் நீயே எறிஞ்சிரு பிரபு. சாமி மன்னிச்சுக்கும்."

நூலைப் பல்லால் கடித்தாள். அவ்வளவுதான்.

சட்டைகள் கீழ்க் கொடியில். அப்பாவிடம், மேல் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும், கிளிப் மட்டும் போடுங்கள் என்றேன். "நான் எங்கடா துணி காயப்போட்டேன்?" என்றார்.

அப்படியானால் யார்?

ஜூலை 3, வியாழன்

வெயில். கேன்டீனில் தயிர்சாதம், புளிப்பு.

செந்திலிடம் அட்டவணையைக் காட்டினேன், சிரிக்கட்டும் என்று. எனக்கு இரண்டு வருடம் சீனியர். கேஜ்களைச் சரிபார்க்கும் பெஞ்ச் அவன் பொறுப்பு. சிரித்தான், ஆனால் வேறு இடத்தில்.

"இருபத்தியொரு பேருக்கு ஒரே பக்கமா ஏறியிருக்கு. குண்டு ஆளு, ஒல்லி ஆளு, அறுபத்தாறு வயசு, முப்பது வயசு, எல்லாம் ஏறியிருக்கு. பெஞ்ச்ல எல்லா கேஜும் பிளஸ்ல காட்டினா என்னடா பண்ணுவ?"

அட்டவணையை மடிக்கப் போனேன். அவன் விடவில்லை.

"கேஜையெல்லாம் தூக்கிப் போட்டுருவியா? ஜீரோ பாத்தியாடா மொதல்ல? சொவர் ஜீரோ?"

சுவர்.

வடக்குச் சுவர், பிறகு தெற்குச் சுவர். இரண்டும் நேராக இருக்கும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டேன். பிரஷர் கேஜுக்கு ஜீரோ, தொடக்கப்புள்ளி சரிதானா என்று, பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனுக்குப் போன மாதம் நான்தான் மெமோ எழுதினேன்.

மதியம் எந்த வேலையும் ஓடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

விடுப்பு. வகுப்பு இல்லாத நாள். கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டு வாங்கிக்கொண்டு காலை ஏழரைக்குக் கிடங்கு. ஜோ. அக்கா சாவியோடு நின்றார். ஏன் என்று கேட்கவில்லை.

வடக்குச் சுவர்: நூல் ஒட்டி இறங்கியது. நேர்.

தெற்குச் சுவர்: மேலே போகப் போக வெளிப்பக்கம் விலகுகிறது. அம்மாவின் தலை உயரத்தில் 31 மி.மீ. மூன்று தடவை பார்த்தேன். 31, 31, 31.

அக்கா பின்னாலிருந்து: "அந்தச் சொவரா? அது சுனாமித் தண்ணி உள்ள பூந்து மண்ண அரிச்சுட்டுப் போனதுலேருந்து சாஞ்சுதான் நிக்குது. கிளிஞ்சல்மேட்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதான் அந்தப் பக்கம் யாரையும் சாய விடுறதில்ல."

"அன்னைக்கு ஏங்க்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ வாசிச்ச. நாங்க கேட்டுக்கிட்டோம்."

கதவருகில் உட்கார்ந்து திருத்தினேன். அவரவர் தலை உயரத்துக்கு ஏற்ற சாய்வைக் கழித்து. 22 பேரில் 18 பேருக்குக் குறைந்திருக்கிறது. மூவருக்கு மாற்றமில்லை. ஒருவருக்குக் கூடுதல், அவர் டீக்கு மட்டும் வருபவர். அம்மா: 10.6ல் 3.1 போனால் 7.5. மூன்று வாரத்தில் 1.7 குறைந்திருக்கிறாள்.

இதனால் மரியேவோ சிவ சிவாவோ முதுகை நிமிர்த்தியதாக ஆகாது. ஒப்பிட இன்னொரு குழு இல்லை. ஸ்கேல் பிடித்ததும் ஒரே ஆள்தான். தினமும் இருபது நிமிடம் கையைத் தூக்கினால் எவனுக்கும் தோள் இளகும். இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அக்கா இனி ஊர் முழுக்கச் சாட்சி சொல்லுவார்.

இப்போது வகுப்புக்கு வருவது 11 பேராம். "உண்மை தெரிஞ்சுக்க வந்தவங்க போயிட்டாங்க, சுண்டலுக்கு வந்தவங்க இருக்காங்க," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் எரிச்சல்.

கிளம்புமுன் வடக்குச் சுவரில் நானே நின்றேன். அக்கா ஸ்கேல் வைத்தார். 8.1. எனக்கு இருபத்தாறு வயது. வைத்தி சார் 6.4.

"சொன்னேன்ல," என்றார். "ஆம."

ஜூலை 5, சனி

மேகம். கரன்ட் இரண்டு தடவை போய் வந்தது.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். சுவர் கோணல், அளவு தப்பு, அவளுக்கு 7.5, 1.7 குறைந்திருக்கிறது, தப்பு என்னுடையது. முழுதாக, இடையில் நிறுத்தாமல்.

மிஷினை நிறுத்தவில்லை. "போன ஞாயித்துக்கெழமையும் நம்பர்தான் சொன்ன."

"அது தப்பும்மா. இது சரி."

"அன்னைக்கும் இப்படித்தான் மூஞ்ச வச்சிக்கிட்டுச் சொன்ன. நா எதத்தான் நம்புறது?"

"மேல் கொடியில சட்டை போட்டது நீதானே?"

மிஷின் நின்றது.

"ஒருநா எட்டுச்சு. போட்டேன். ஒன்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ லிஸ்ட்டு வாசிச்சிட்ட."

"இப்ப தூக்கிக் காட்டு."

"நீ ஸ்கேல எடுத்துக்கிட்டு ஓடியாறதுக்கா? போடா."

ஆறு நாளாகப் பயிற்சி இல்லை. எவ்வளவு இறுகியிருக்கிறதோ தெரியாது. அளக்க விடவும் மாட்டாள். மாம்பழம் இறைப்பது வியாழன். நடுவில் நான்கு காலைதான் வகுப்பு. பெரியம்மா கூடை தயார் என்று போன் செய்துவிட்டாள். அம்மா பதில்: "பிரபு எறிவான்." என் காதுபடவே.

செய்ய வேண்டியவை:

1. இன்றே தெற்குச் சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதுவது: ‘சாய்வு 31 மி.மீ. இங்கே அளக்காதே.’ கீழே என் பெயர்.

2. வராமல் நின்ற எல்லோர் வீட்டுக்கும் மாலைக்குள் போவது. நேரில். குழுவில் தட்டிவிட்டால் கைகூப்பல்தான் வரும்.

3. நாளை காலை 5.50, டீக்கு முன்னால், 22 பேருடைய திருத்திய அளவையும் அதே சத்தத்தில் வாசிப்பது. 23ஆவதாக: பிரபு, 8.1. வைத்தி சார் ஜோக் அடித்தால் நின்று கேட்பது.

4. ஸ்கூட்டரை 5.20க்கே வாசலில் ஸ்டார்ட் செய்து வைப்பது. கூப்பிடக் கூடாது. அம்மா வராவிட்டால் மறுநாளும் அதே 5.20.

5. மரியே, சிவ சிவா பற்றி வியாழன்வரை வாயைத் திறக்கக் கூடாது.

6. வியாழன்: மாடியில் அம்மாவுக்கு இடப்பக்கம் நிற்பது. கூடையிலிருந்து பழத்தை எடுத்து எடுத்துக் கொடுப்பது. கை ஏறாவிட்டாலும், ஐம்பத்தொன்றும் காலடியிலேயே விழுந்தாலும், ஒன்றைக்கூட நான் எறியக் கூடாது.